நாற்பத்திரண்டு டிரம்

பிப்ரவரி 4

மூக்கிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் தூக்கிப் போடாமல் பிரித்திருக்கிறாய், அதுவே பெரிய விஷயம். இரண்டு வருஷம் பேச்சில்லாமல் இருந்தவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது, அதனால்தான்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் என் போனுக்கு ரீசார்ஜ் போடுவதிலிருந்து யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பது வரை உன் அண்ணன்தான். இது அவரைப் பற்றிய விஷயம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு, பொறுப்பாளர் என்று போட்டு அனுப்பு. என் கைக்கே வரும்.

விஷயம் அவருடைய சட்டை. எண்ணெய் வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சட்டைகளை நான் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசுவேன். அப்படியும் பழைய எண்ணெய் நாற்றம் போகாது. இந்த இரண்டு மாதமாகச் சட்டை சுத்தமாக வருகிறது. வேறு பெண்டாட்டியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் சட்டையை மோந்து மோந்து பார்த்தேன். முதலில் வேறு மாதிரி சந்தேகப்பட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். அது இல்லை என்று தெரிந்துகொண்டேன். எப்படி என்று கேட்காதே.

நீ சொல்லி வாங்கிக் கொடுத்த வேலைதானே இது. இங்கே சமையற்கட்டுகளில் பொரித்து முடித்த எண்ணெயை டிரம்மில் ஏற்றிக் கிடங்கில் சேர்க்க வேண்டும், வியாழக்கிழமை உங்கள் ஆலைக்குக் கொண்டுவர வேண்டும், நீங்கள் அதை வண்டிக்கு ஊற்றும் எரிபொருளாக்குவீர்கள். என் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக் கொல்லைப்புறத்தில் இரண்டு டிரம் பதினைந்து நாளாக நிற்கிறது. கேட்டால், "நாளைக்கு எடுக்குறேன்"தான். ஆனால் வாரா வாரம் லோடு நிறைந்துதான் போகிறதாம். எதை நிரப்பிக்கொண்டு போகிறார்?

இன்னொன்று. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு எண்ணெய் வந்தது. சட்டியில் ஊற்றினால் சோப்பு போட்டதுபோல நுரைக்கிறது. பொரித்த எண்ணெயை வடிகட்டி, டின்னில் அடைத்து, திரும்ப எங்களுக்கே அனுப்புகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் சமைப்பது நோயாளிகளுக்கு.

நீ அங்கே பரிசோதனைக் கூடத்தில்தானே இருக்கிறாய். வியாழக்கிழமை அவர் வண்டியில் எத்தனை டிரம் இறங்குகிறது என்று மட்டும் பார்த்து எழுது. அவரிடம் போட்டுக் கொடுத்துவிடுவாயோ என்ற பயத்தோடுதான் இதைத் தபாலில் போடுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி இருக்குமென்று தேடினேன். இல்லை.

மோதிரம் காணோம் என்று என் பெட்டியைக் கொட்டிப் பார்த்தீர்கள். மறுநாள் அது மாவு டப்பாவில் கிடைத்தது. அதற்கப்புறமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது என் பெட்டி, இப்போது அண்ணனின் சட்டை. வீட்டில் மூன்றே பேர் இருந்தோம், இரண்டு பேரைச் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று.

கேட்டதற்குப் பதில். வியாழக்கிழமை நாற்பத்திரண்டு டிரம் இறங்கியது. எல்லாம் நிறைந்த டிரம். நானே சாம்பிள் எடுத்தேன். நல்ல சரக்கு. அண்ணன் யாருக்கும் எதையும் விற்கவில்லை. திருடுகிறவன் லோடை முழுசாகக் கொண்டுவந்து கொட்டமாட்டான்.

இதை எழுதச் சொன்னது யார்? நீங்களாகவே யோசித்ததா, ஆஸ்பத்திரியில் யாராவது உங்களைத் தூண்டிவிட்டார்களா? போட்டிக் கம்பெனிக்காரர்கள் இங்கேயும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்களை நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இந்தத் தடவை அவன் என் குவார்ட்டர்ஸ் பக்கம் வராமல் கேட்டிலிருந்தே திரும்பிவிட்டான். வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். வேலை அவசரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 19

மூக்கிக்கு,

நலமா? போதுமா?

நாற்பத்திரண்டு என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் எண்ணெய் எடுக்கும் சமையற்கட்டுகளில் இருக்கிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். காய்கறிச் சந்தையில் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். ஹாஸ்டலில் மூன்று டிரம், மில் கேண்டீனில் நான்கு, இரண்டு ஓட்டலும் சேர்ந்து நான்கு, பேக்கரியில் ஒன்று. என்னுடைய இரண்டையும் சேர்த்தால் வாரத்துக்குப் பதினாலு. அதையும் இப்போது ஒழுங்காக எடுப்பதில்லையாம். ஹாஸ்டல் சமையல்காரர், "உங்க வீட்டுக்காரருக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று கேட்கிறார்.

பதினாலே வராத இடத்திலிருந்து நாற்பத்திரண்டு எப்படிப் போகிறது? குறைந்தால் திருட்டு என்கிறோம். கூடினால் அதற்கு என்ன பேர்?

உன் அண்ணனிடம் கேட்டேன், சாப்பிடும்போது, பேச்சோடு பேச்சாக.

"கிடங்குக்கு வேற வண்டியும் வருதா?"

"வரும்."

"எத்தன?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்ட" என்று தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

உன் கடிதத்திலும் ஒரு இடம் உறுத்துகிறது. எத்தனை டிரம் என்றுதான் கேட்டேன். நல்ல சரக்கா என்று கேட்கவில்லை. கேட்காததற்கு ஏன் பதில் சொன்னாய்?

ஆஸ்பத்திரிக்கு வந்த எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சீல் உடைத்ததும் எடுத்தது, சட்டியில் படாதது. உன் மிஷினில் வைத்துப் பார்த்துச் சொல். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய ஆட்கள் யாரையும் தெரியாது.

அண்ணி


பிப்ரவரி 28

அண்ணிக்கு,

பாட்டிலைச் சோதித்தேன். உங்கள் சந்தேகம் தப்பு. அது பொரித்த எண்ணெய் இல்லை. சட்டியில் காய்ந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், வேறு சில கழிவும் சேர்ந்திருக்கும். இதில் அது எதுவும் இல்லை. ரொம்ப நாள் எங்கேயோ தேங்கிக் கிடந்த மட்டமான சரக்கு, அவ்வளவுதான். நுரைப்பது அதனால்தான். சாப்பிட்டால் யாரும் சாகமாட்டார்கள். ஆனாலும் மாற்றச் சொல்லுங்கள்.

பார்சல் வந்தபோது மேனேஜர் கூப்பிட்டு, "யாரும்மா உனக்கு எண்ணெய் அனுப்புறது? இங்க இல்லாத எண்ணெயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டால் நான் இரண்டு நாள் தூங்கமாட்டேன். இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள். கடிதமும் வேண்டாம்.

டிரம் கணக்கையும் விட்டுவிடுங்கள். கிடங்குக்காரர் வேறு எங்கிருந்தாவது வாங்குவார். அண்ணன் வண்டி ஓட்டுகிறவன். ஏற்றச் சொன்னதை ஏற்றுகிறான், இறக்கச் சொன்னதை இறக்குகிறான்.

உங்களுக்குத்தான் சொல்கிறேன், தயவுசெய்து கிடங்குப் பக்கம் போகாதீர்கள்.

மூக்கி


மார்ச் 6

மூக்கி,

போகாதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் ஒருவேளை போயிருக்கமாட்டேன்.

அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். சரி, நான்தான் எடுத்து மறைத்து வைத்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் பதினோரு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். முன் கதவு பூட்டியிருந்தது, பின்பக்கம் திறந்திருந்தது.

பழைய எண்ணெய்க் கிடங்கு என்றால் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அங்கே நாற்றமே இல்லை. சுவரோரம் தகர டின்கள், என் இடுப்பு உயரத்துக்கு, பத்து வரிசை. எல்லாம் சீல் உடைக்காத புது எண்ணெய். இரண்டு ஆட்கள் வாயை வெட்டி வெட்டி டிரம்மில் கவிழ்க்கிறார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் பழைய எண்ணெயின் கரி மாதிரியான அடிக்கசட்டில் இரண்டு அகப்பை. அப்புறம் ஒருவர் நீளக் கழியால் கலக்குகிறார். பொன்னிறமாக இருந்த எண்ணெய் கண்ணெதிரே டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. கழியைப் பிடித்திருந்தவர் உன் அண்ணன்.

என்னைப் பார்த்ததும் கழியைக் கீழே போட்டார்.

"எதுக்கு இங்க வந்த?"

"டப்பா."

"வச்சுட்டுப் போ."

"புது எண்ணெய ஏன் அழுக்காக்குறீங்க?"

வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். அப்புறம்தான் குரலை இறக்கிச் சொன்னார். பழைய எண்ணெயில் செய்த எரிபொருள் என்றால் வெளியே கூடுதல் விலையாம். குப்பையில் போக வேண்டியதைக் காப்பாற்றியதாகப் பேராம். அதனால் இப்போது புது எண்ணெயைவிடப் பழைய எண்ணெய்க்குத்தான் மதிப்பு அதிகம். ஊரிலுள்ள பழசு பத்தவில்லை, அதனால் புதுசைப் பழசாக்குகிறார்கள். "இதுல யாருக்கு என்ன நஷ்டம்? யாரும் திங்கப் போறதில்ல. வண்டிக்குத்தான ஊத்தறாங்க" என்றார்.

"அங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு, "மூக்கிக்குத் தெரியும்" என்றார்.

அதே நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எண்ணெய் போடுகிற வியாபாரியிடம் சண்டை போட்டேன். "அக்கா, நல்ல எண்ணெய் மார்க்கெட்லயே இல்ல. மொத்தமா யாரோ தூக்கிடறாங்க. கிடைச்சதத்தான் கொடுக்குறேன்" என்றார். மூக்கி, அந்த யாரோவின் கிடங்கில் காலையில்தான் நின்றுவிட்டு வந்தேன். என் நோயாளிகள் மட்டச் சரக்கைச் சாப்பிடுகிறார்கள், நல்ல எண்ணெயை லாரி குடிக்கிறது. என் கொல்லைப்புறத்துப் பழைய எண்ணெயைக் கேட்க ஆளில்லை. இல்லை, ஆள் இருக்கிறது. எதிர்த்தெருவில் மீன் பொரித்து விற்கிறவர் நேற்று வந்து, "அக்கா, வீணாத்தான போகுது, எனக்குக் கொடுங்க" என்கிறார். இல்லையென்று சொல்லிக் கொல்லைக் கதவைப் பூட்டினேன்.

மோதிர விஷயத்தில் நான் செய்தது தப்பு. அன்றே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. இந்த விஷயத்தில் என்னிடம் தப்பு இல்லை. உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

டிசம்பரிலேயே தெரியும். முதல் லோடைத் திறந்தபோதே. நிறம் சரியாக இருந்தது, வாசம் இல்லை. சோதித்தால் அமிலம் ஒன்றுமே இல்லை. பத்துத் தடவை பொரித்த எண்ணெய் அப்படி இருக்காது. ரிப்போர்ட் தாளில் அமிலம் இந்த அளவுக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு கோடு உண்டு. இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று கோடே கிடையாது. யாரும் அப்படி ஒரு திருட்டை நினைத்துப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டவில்லை என்றால் பாஸ். சட்டப்படி நான் பொய் எழுதவில்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாளின் கடைசியில் "பயன்படுத்திய எண்ணெய்தான் எனச் சான்றளிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே பதின்மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பொய்.

மேனேஜரிடம் மூன்றாவது லோடின்போது போய்ச் சொன்னேன். "நல்ல சரக்கு வந்தா கசக்குதா உனக்கு?" என்றார். அப்புறம், "வண்டி ஓட்டிட்டு வர்றது உன் அண்ணன்தானே?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எரிபொருள் பழைய எண்ணெயில் செய்ததுதான் என்று சான்றிதழ் கொடுக்கும் ஆபீசிலிருந்து ஆட்கள் ஒருமுறை வந்தார்கள். தாள்களைப் புரட்டினார்கள், டீ குடித்தார்கள், வாசலில் நட்டிருக்கும் மரக்கன்றுகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டிரம்மைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புகார் கொடுத்தால் கிடங்கு முதலாளி மாட்டமாட்டார், மேனேஜர் மாட்டமாட்டார். கழியைப் பிடித்தவன் மாட்டுவான், கையெழுத்துப் போட்டவள் மாட்டுவாள். உங்களுக்கு என் மேல் இருக்கும் கோபத்தில் அதைச் செய்துவிடுவீர்களோ என்று ஒவ்வொரு நாளும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். அண்ணனை முதலில் அந்த வண்டியிலிருந்து இறக்க வழி பார்க்கிறேன்.

மூக்கி


மார்ச் 21

மூக்கி,

பொறு என்கிறாய். என் கோபம் ஆறட்டும் என்று பார்க்கிறாயோ என்று தோன்றுகிறது. இருக்கட்டும்.

புதன்கிழமை கொல்லைக் கதவின் பூட்டு உடைந்திருந்தது. ஒரு டிரம்மைக் காணோம். ஆஸ்பத்திரிக் காவல்காரர், "கம்பெனி வண்டின்னு சொன்னாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் அனுப்பினதுன்னு நெனச்சேன்" என்கிறார். உன் அண்ணன் மூன்று நாளாக வேலைக்கே போகவில்லை. படுத்தே கிடக்கிறார்.

எதிர்த்தெருவுக்குப் போனேன். மீன் சட்டியில் கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. என் எண்ணெய் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுற்றி நின்று வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. அவர் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். ஆனால் நான் எத்தனை நாள் போய் நிற்பது? திரும்பி வந்து மிச்சமிருந்த டிரம்மில் இரண்டு பாட்டில் ஃபினாயிலைக் கொட்டிவிட்டேன். இனி அதை யாரும் வாயில் வைக்க முடியாது, உங்கள் ஆலைக்கும் ஆகாது.

நாம் இரண்டு பேரும் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறோம். அவரைக் கேட்டாயா? நம் கடித விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. காலையில், "அவ என்ன எழுதியிருக்கா?" என்றார். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

முடித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் அழுதான். அண்ணன் அழுது நான் கேட்டதில்லை. "நீ உண்மைய எழுதிப் போடு, நானே ஓட்டிட்டு வர்றேன், என் வண்டி லோடுலயே போடு" என்றான். வியாழக்கிழமை வந்தான். இறங்கியது அதே நாற்பத்திரண்டு. சாம்பிள் எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றான். சான்றளிக்கும் வரியை அடித்துவிட்டு, "இது சமையலுக்குப் பயன்படுத்தாத புது எண்ணெய். இதற்கு முன் வந்த பதின்மூன்று லோடும் இப்படியே. தெரிந்தே கையெழுத்திட்டேன்" என்று எழுதினேன். ஒவ்வொரு லோடிலும் ஒரு பாட்டில் மூன்று மாதமாவது எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. பதின்மூன்றும் இன்னும் அலமாரியில் இருந்தன. ரிப்போர்ட்டின் நகலோடு அவற்றையும் பெட்டியில் அடுக்கிச் சான்றிதழ் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் மேனேஜரிடம் போனேன்.

மேனேஜர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அன்றைக்கே சஸ்பெண்ட். இருபது நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டேனாம், கொடுக்கவில்லை என்று பழிவாங்குகிறேனாம். தனக்கு இதுவரை எதுவுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சான்றிதழ் ஆபீசிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நல்லபடியாகத்தான் பேசினார். கடைசியில், "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். என்னை நம்பினாரா என்று தெரியவில்லை.

போக இடமில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நான் அங்கே வந்தால் சொல்லிக் காட்டாமல் இருப்பீர்களா? யோசித்து, உண்மையை எழுதுங்கள்.

மூக்கி


ஏப்ரல் 9

மூக்கி,

சொல்லிக் காட்டுவேன். உண்மையை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஆனால் வாசலிலேயே வைத்துச் சொல்லிக் காட்டமாட்டேன். முதலில் சாப்பாடு போடுவேன்.

அந்த ஆபீஸ் அம்மா திங்கட்கிழமை இங்கே வந்தார். முதலில் கிடங்கு. கிடங்கு முதலாளி ஓடிவிட்டார். டின்கள் மட்டும் நின்றன. சீல் வைத்துவிட்டார்கள். உன் அண்ணன் கூடவே போய், எங்கே கொட்டினோம், எதை ஊற்றினோம் என்று ஒன்றுவிடாமல் காட்டினார். உன்னைப் பற்றிக் கேட்டதும், "என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது" என்று சாதித்துவிட்டார். நீயே எழுதிக் கொடுத்த பிறகு இவர் என்ன சாதிப்பது? அந்த அம்மாவுக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அங்கிருந்து என் சமையற்கட்டுக்கு வந்தார். மேனேஜர் சொன்னதை எல்லாம் சொல்லி, "உங்க நாத்தனார் பழிவாங்குறவங்களா?" என்றார். நான் முந்தானையைத் தட்டிவிட்டு எழுந்துபோய், மாவு டிரம்முக்குப் பின்னாலிருந்து உன் மார்ச் 15ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மேனேஜரிடம் மூன்றாவது லோடிலேயே சொன்னதாக நீ எழுதியது அதில் இருக்கிறது. உறையில் தபால் முத்திரையும் இருக்கிறது. உன்னை அவர் சஸ்பெண்ட் செய்வதற்குப் பத்து நாளுக்கு முந்தியது. அந்த அம்மா நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இத நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ யோசித்திருப்பாய். நீ யோசிக்க ஆரம்பித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதில் உன் பதின்மூன்று கையெழுத்தும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு அதனால் என்ன வரும் என்று தெரியாது. மேனேஜரையும் ஓடிப்போன முதலாளியையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் அண்ணனுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது, உனக்கும் வரும். என்ன தண்டனை என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

வண்டியும் நின்றுவிட்டது, கிடங்கும் மூடிவிட்டது. ஹாஸ்டல், மில், ஓட்டல் எல்லாரும் என்னைக் கூப்பிட்டு, "பழைய எண்ணெய எங்க கொட்டறது?" என்று கேட்கிறார்கள், ஏதோ நான்தான் ஆலை நடத்துகிறதுபோல. வேறு ஊரில் நியாயமான ஆலை இருந்தால் விசாரித்துக்கொண்டு வா. நியாயமானதா என்று நீ சோதித்துச் சொல்ல வேண்டும், நான் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஒரு டிரம்கூடக் கொடுப்பேன்.

சனிக்கிழமை காலை வண்டிக்கே கிளம்பு. உன் அறையில் அரிசி மூட்டை போட்டிருந்தேன், நகர்த்திவிட்டேன். உன் அண்ணனோடு நான் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. தட்டு வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன், அவ்வளவுதான். நீ வந்துவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் உன்னிடம் சொல்வேன். அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். காதில் விழட்டும்.

அண்ணி